செயற்கைக்கோள் இணையம்: பலன் யாருக்கு, செலவு யார் தலையில்?

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மலைக்கிராமத்துக்கும் தீவுக்கும் இணையம் கொண்டுபோகும் செயற்கைக்கோள்களை வானியலாளர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? அவர்களுடைய படம் கெடுகிறது என்பதற்காக ஏழை ஊர்களுக்கு இணையம் கிடைக்கக் கூடாதா? எங்கள் ஊரில் டவரே இல்லை. நான் இந்த இணைப்பை வாங்கலாமா, கூடாதா?”

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். உங்கள் ஊரில் கேபிளும் இல்லை, டவரும் இல்லை, வரும் என்ற நம்பிக்கையும் இல்லையென்றால் தயங்காமல் வாங்குங்கள். இந்தத் தொழில்நுட்பம் உங்களுக்காகத்தான் இருக்க வேண்டும். மற்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. ஏனென்றால் இதில் பலனைச் சொல்லும்போது ஓர் எண்ணிக்கையும், செலவைக் கூட்டும்போது வேறோர் எண்ணிக்கையும் மனதில் இருக்கிறது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

பலனை முதலில் பார்ப்போம். அதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் டோங்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். பசிபிக் கடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது. 2022 ஜனவரி 15 அன்று அங்கே கடலடி எரிமலை வெடித்தது. ஃபிஜியிலிருந்து டோங்காவுக்கு வரும் 827 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் அறுந்தது. நாட்டின் இணையம் முழுவதும் அந்த ஒற்றைக் கேபிளை நம்பித்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்த பிள்ளைகளுக்கு, ஊரில் அம்மா அப்பா உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டு வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தால், உலகிலேயே முன்வரிசையில் நிற்கும் நாடு டோங்கா. பேச்சு நின்றபோது அந்தப் பணத்தின் வழியும் அடைபட்டது. கேபிள் கப்பல் வந்து முக்கியக் கேபிளைச் சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. வவாவ் முதலிய வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் திரும்ப வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்த இடைவெளியில் பழைய புவிநிலைச் செயற்கைக்கோள்களும், பிறகு ஈலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் தன் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்துக்காகக் கொடுத்த ஐம்பது டிஷ்களும்தான் கைகொடுத்தன. 2024-இல் அந்த உள்நாட்டுக் கேபிள் மறுபடியும் அறுந்தது. மக்கள் ஸ்டார்லிங்க் டிஷ்களை வைத்துச் சமாளித்தார்கள். உரிமம் இல்லை என்று முதலில் நிறுத்தச் சொன்ன அரசே பின்னர் தற்காலிக அனுமதி கொடுத்தது.

உக்ரைனில் 2022 பிப்ரவரியில் போர் வெடித்தபோது ஸ்டார்லிங்க் கைகொடுத்தது எல்லோருக்கும் தெரியும். நடுக்கடல் மீன்பிடிக் கப்பல்கள், துருவ ஆய்வு நிலையங்கள் என்று பட்டியலை நீட்டலாம். இவை விளம்பரத்துக்குச் சொல்லும் கதைகள் அல்ல, உண்மையான பலன்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பழைய செயற்கைக்கோள் இணையம் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்தது. அந்த உயரத்தில் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும்; புவிநிலைச் செயற்கைக்கோள் என்பது இதைத்தான். மூன்றே செயற்கைக்கோள்கள் துருவங்கள் நீங்கலாக உலகம் முழுவதையும் பார்த்துவிடும். ஆனால் நாம் ஒன்று கேட்டு அதற்கு விடை வர அலை நான்கு முறை அந்தத் தூரத்தைக் கடக்க வேண்டும். வெளிச்சத்தின் வேகத்தில் போனாலும் ஏறத்தாழ அரை விநாடி ஆகிவிடுகிறது. வீடியோ அழைப்பில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பேசத் தொடங்கிவிடுவது இதனால்தான்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் கீழே இறங்கினார்கள். ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கத் தொடங்கியது. தாமதம் இருபத்தைந்திலிருந்து ஐம்பது மில்லிவிநாடி வரை குறைந்துவிடுகிறது. ஆனால் கீழே வந்தால் பார்வை சுருங்கும். அந்த உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பயனுள்ள கோணத்தில் பார்க்கும் வட்டம் இந்தியாவின் பரப்பளவைவிடச் சற்றுக் குறைவு. போதாததற்கு அது ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, நான்கைந்து நிமிடங்களில் உங்கள் கூரையைத் தாண்டிப் போய்விடும். அடுத்தது உடனே வர வேண்டும், அதற்கடுத்ததும் வர வேண்டும். ஆகவே டோங்காவின் ஒரு தீவுக்கு இடைவிடாமல் சேவை தர உலகைச் சுற்றிலும் ஒரு வலையே பின்ன வேண்டியிருக்கிறது. அந்த வலையில் உள்ள ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலுக்கு மேலேதான் கழிக்கிறது.

அந்த வலைக்கு எத்தனை வேண்டும்? ஒன்வெப் என்ற இன்னொரு நிறுவனம் 1,200 கிலோமீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 650 செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுவதையும் எட்டுகிறது. ஸ்டார்லிங்க் தன் முதல் வாடிக்கையாளர்களுக்கு 2020 அக்டோபரில் இணைப்புக் கொடுத்தபோது விண்ணில் ஆயிரம்கூட இருக்கவில்லை. இரண்டாயிரத்துக்குள் வைத்துக்கொண்டாலே எந்தத் தீவையும் எந்த மலையையும் எட்டலாம். ஆனால் 2025 அக்டோபருக்குள் ஸ்டார்லிங்க் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் ஏவிவிட்டது. சீனாவின் குவோவாங் திட்டம் ஏறத்தாழ 13,000 கேட்கிறது. அதே நாட்டின் சியன்ஃபான் 15,000 வரை பேசுகிறது. அமேசான் நிறுவனத்தின் முதல் தலைமுறைத் திட்டத்துக்கு 3,236.

எட்டுவதற்குச் சில நூறோ ஓரிரு ஆயிரமோ போதும் என்றால் மீதி எதற்கு? கொள்ளளவுக்கு. ஒரு செயற்கைக்கோளின் அலைக்கற்றை தரையில் விழும் வட்டத்துக்குள் இருக்கும் எல்லோரும் ஒரே வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆள் குறைவான இடத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும். ஆள் கூடும் இடத்தில் திணறும். 2024 நவம்பரில் நைரோபியிலும் லாகோஸிலும் இனிப் புதிய இணைப்பு கிடையாது என்று ஸ்டார்லிங்க் நிறுத்திவைத்தது. இரண்டும் ஆப்பிரிக்காவின் மாநகரங்கள். தரையில் கேபிளும் டவரும் உள்ள ஊர்கள். அங்கே மக்கள் இதற்கு ஓடியதில் நியாயம் இருந்தது. உள்ளூர் நிறுவனங்கள் வசூலித்த கட்டணம் அப்படி, சேவையும் அப்படி. போட்டி வந்ததால் மக்களுக்கு லாபம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நைரோபியில் கட்டணம் குறைய வேண்டும் என்பது கென்ய ஒழுங்குமுறை ஆணையம் தரையிலேயே தீர்க்கக்கூடிய பிரச்சினை. அதற்குத் தீர்வு விண்ணில் இன்னும் பத்தாயிரம் செயற்கைக்கோள் என்றால், உலகம் முழுவதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

என் வாதம் முழுவதும் இதுதான். பலன் என்று நம்முன் காட்டப்படுவது டோங்கா. அந்தப் பலன் சிறிய வலையிலேயே கிடைத்துவிடும். செலவோ பெரிய வலையோடு சேர்ந்து வளர்கிறது. டோங்காவின் பெயரைச் சொல்லி முப்பதாயிரம் செயற்கைக்கோளுக்கு அனுமதி கேட்பது நியாயமில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானதும்கூட. நகரத்து வாடிக்கையாளர்களின் பணம் இல்லாமல் சின்ன வலையும் தாங்காது, தீவுக்கு மலிவாகக் கொடுக்க முடியாது என்பார்கள். ஒன்வெப் 2020-இல் திவாலாகி மீண்டதை நினைத்தால் இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொலைதூர ஊர்களுக்கு நஷ்டத்தில் சேவை தருவதற்கென்றே பொதுநிதி வைத்திருப்பது தொலைத்தொடர்பில் பல நாடுகளும் செய்வதுதான். அந்தச் செலவை வெளிப்படையாக வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவது, கண்ணுக்குத் தெரியாமல் வளிமண்டலத்தின் கணக்கில் எழுதுவதைவிட நேர்மையானது.

வளிமண்டலம் என்று சொன்னதை விளக்க வேண்டும். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான், இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. இந்தச் செயற்கைக்கோள்களின் ஆயுள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். முடிந்ததும் கீழே இறக்கி எரித்துவிடுகிறார்கள். குப்பை சேராமல் இருக்க இதுவே நல்ல வழி என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நினைத்தோம். ஆனால் எரிந்தது எங்கே போகிறது? செயற்கைக்கோளின் உடல் பெரும்பாலும் அலுமினியம். எரியும்போது அலுமினியம் ஆக்சைடு துகள்களாகிறது. 250 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள் எரிந்தால் ஏறத்தாழ 30 கிலோ துகள் மிஞ்சும் என்று 2024-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2023-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் உயரப் பறக்கும் விமானங்களில் காற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். ஸ்ட்ராட்டோஸ்பியரில் மிதக்கும் கந்தக அமிலத் துகள்களில் பத்தில் ஒரு பங்கு, விண்கலங்கள் எரிந்து வந்த அலுமினியத்தையும் பிற உலோகங்களையும் சுமந்துகொண்டிருந்தது. ஓசோன் இருக்கும் அடுக்கும் அதுதான். அலுமினியம் ஆக்சைடு குளோரினை வேலை செய்யத் தூண்டி ஓசோனை அரிக்கக்கூடியது. அது தான் கரைந்து தீர்வதில்லை, வினையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். பாதிப்பு எத்தனை பெரிதாகும் என்ற ஆய்வு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் எரிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 2025 ஜனவரியில் மட்டும் ஏறத்தாழ 120 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் எரிந்து விழுந்தன. முப்பதாயிரம் செயற்கைக்கோள், ஐந்தாண்டு ஆயுள் என்று வகுத்துப் பாருங்கள்: நாளொன்றுக்குப் பதினாறு.

ஓசோனைக் காக்க 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன, அது வென்றும் காட்டியது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் எரியும் செயற்கைக்கோளுக்கு இடமில்லை. அமெரிக்காவில் செயற்கைக்கோள்களுக்கு உரிமம் தரும் எஃப்.சி.சி. ஆணையம், 1986-இல் வகுத்த ஒரு விதிவிலக்கின்படி, இவற்றுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை என்று நடந்துவந்தது. அதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று அந்த நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2022-இல் சொன்னது.

குப்பைப் பிரச்சினை இதைவிட அதிகம் பேசப்பட்டது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே 789 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம் 33 என்ற இயங்கும் செயற்கைக்கோளும் காஸ்மாஸ் 2251 என்ற செத்த செயற்கைக்கோளும் மோதின. கண்காணிக்கக்கூடிய அளவிலேயே சுமார் இரண்டாயிரம் துண்டுகள் தெறித்தன. மோதலைத் தவிர்க்க ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வழிவிலகிய எண்ணிக்கை, 2023 டிசம்பர் முதல் 2024 மே வரையிலான ஆறு மாதங்களில் ஏறத்தாழ 50,000. அடுத்த ஆண்டு அதே ஆறு மாதங்களில் 1,44,000-ஐத் தாண்டியது. முன்னைவிடச் சிறிய ஆபத்துக்கும் விலகும்படி விதியை இறுக்கியதும் இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். இத்தனையும் தானியங்கியாக, மோதலின்றி நடந்திருக்கிறது. நிறுவனத்துக்கு உரிய பாராட்டைக் கொடுக்க வேண்டும். இன்னொன்றுக்கும் பாராட்ட வேண்டும்: ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வைக்கத் திட்டமிட்டிருந்த செயற்கைக்கோள்களை 550-க்கு இறக்கினார்கள். அங்கே செயலிழந்தால் காற்றின் உராய்வே சில ஆண்டுகளில் கீழே இழுத்துவிடும். 1,200 கிலோமீட்டரில் செத்தால் பல நூற்றாண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் எல்லோரும் இப்படி இல்லை. 2024 ஆகஸ்டில் சியன்ஃபானின் முதல் 18 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோன லாங் மார்ச் 6ஏ ராக்கெட்டின் மேல்நிலை, வேலை முடிந்ததும் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் உடைந்து சிதறியது. முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகள். முதல் ஏவுதலிலேயே இப்படி.

இப்போது வானியலாளர்களுக்கு வருகிறேன். “படம் கெடுகிறது” என்ற சொல்லில் ஓர் ஏளனம் இருக்கிறது, அது தகாது. சிலியில் செர்ரோ பச்சோன் மலைமேல் வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. ஒரு படத்தில் நாற்பது முழுநிலாக்கள் கொள்ளும் வானம் விழும். பார்வை அகலமாக இருப்பதுதான் அதன் பலம், செயற்கைக்கோள் குறுக்கே வரும்போது அதுவே பலவீனம். கோடு விழுந்த பிக்சல்களை அழித்துவிடலாம். ஆனால் கோடு மிகப் பிரகாசமாக இருந்தால் கேமராவின் மின்னணுச் சுற்றில் அது இணைகோடுகளாகப் பல இடங்களில் எதிரொலிக்கும். எது வானத்தில் உள்ளது, எது கருவியில் பிறந்தது என்று பிரிப்பது கடினமாகிவிடும்.

செயற்கைக்கோள்கள் மிக அதிகமாகத் தெரிவது அந்தியிலும் விடியலிலும். தரையில் இருட்டிவிட்டாலும் மேலே அவற்றின்மீது வெயில் விழுந்துகொண்டே இருக்கும். சூரியனுக்கு அருகில் ஒளிந்திருக்கும் குறுங்கோள்களை, அதாவது நம்மை நோக்கி வரக்கூடியவற்றை, தேடுவதற்கு உகந்த நேரமும் அதே அந்தியும் விடியலும்தான். நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்திலிருந்து 1988-இல் ராஜமோகனும் உடனிருந்தவர்களும் கண்டுபிடித்த குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட தேடல் ஊர் உலகத்தின் பாதுகாப்புக்கான வேலை, தனிப்பட்டவர்களின் பொழுதுபோக்கு அல்ல.

ரேடியோ வானியலின் நிலை இன்னும் மோசம். நெதர்லாந்தின் லோஃபார் தொலைநோக்கி 2023-இல் ஒன்றைக் கண்டது: இந்தச் செயற்கைக்கோள்கள் தங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசையில் அல்லாமல், உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகளிலிருந்தே ரேடியோ அலையைக் கசியவிடுகின்றன. 2024-இல் அளந்தபோது இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள்களின் கசிவு முந்தையதைவிட 32 மடங்கு வரை வலுவாக இருந்தது. இப்படித் தவறிக் கசிவதைத் தடுக்கும் பன்னாட்டு விதி எதுவும் இல்லை. கண்ணால் பார்க்கும் வானத்துக்கு இருட்டான மலையைத் தேடிப் போகலாம். இதிலிருந்து தப்பிக்கப் பூமியில் மலை கிடையாது.

யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. 1967 விண்வெளி ஒப்பந்தம், விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனிதகுலம் முழுவதற்கும் உரியவை என்கிறது. தனியார் அனுப்பினாலும் அவர்கள் நாட்டு அரசே பொறுப்பு என்றும் சொல்கிறது. 1972-இல் இழப்பீட்டு ஒப்பந்தமும் வந்தது. 1978-இல் சோவியத்தின் அணுசக்திச் செயற்கைக்கோள் காஸ்மாஸ் 954 கனடாவில் விழுந்தபோது கனடா கணக்கு அனுப்பி 30 லட்சம் கனடிய டாலர் வாங்கியது. நிலத்தில் விழுந்தால் கேட்க ஆள் உண்டு. ஓசோன் அடுக்குக்காக வழக்குப் போடும் நாடு எது? அந்தி வானத்துக்கு உரிமையாளர் யார்?

சுற்றுப்பாதையும் அலைவரிசையும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முதலில் பதிந்தவருக்கே முதல் உரிமை என்ற முறையில் போகின்றன. இதே சண்டை முன்பும் நடந்தது. 1976-இல் பொகோட்டாவில் பூமத்திய ரேகை நாடுகள் கூடி, தங்களுக்கு மேலே உள்ள புவிநிலைப் பாதை தங்களுடையது என்று அறிவித்தன. சட்டப்படி அது நிற்கவில்லை. ஆனால் அந்த அழுத்தத்தின் பின்னணியில் 1980-களில் நடந்த மாநாடுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் புவிநிலைப் பாதையில் ஓரிடத்தையாவது ஒதுக்கிவைத்தன. தாழ்ந்த பாதைகளுக்கு அப்படி எந்த ஒதுக்கீடும் இல்லை. இன்று செயற்கைக்கோள் செய்ய வசதியில்லாத நாடு நாற்பது ஆண்டுகள் கழித்து வரும்போது அங்கே இடம் இருக்குமா?

ஏரிப் பாசனத்தில் ஒரு முறை இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவர் குடிமராமத்துக்கும் வர வேண்டும்; வயல் அதிகம் என்றால் ஆளும் அதிகம். விண்ணில் இப்போது தண்ணீர் மட்டும் எடுக்கிறார்கள். அகில் ராவ் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் 2020-இல் இதற்கு ஒரு விடை சொன்னார்கள்: பாதையில் இருக்கும் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் வசூலிக்க வேண்டும், 2040-க்குள் அது ஏறத்தாழ 2,35,000 டாலர் வரை உயர வேண்டும். அவர்கள் கணக்கில் இதனால் தொழில் நொடிக்கவில்லை. மோதலும் நெரிசலும் குறைவதால் அதன் மொத்த மதிப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஒருவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் எண்ணிக்கை எவ்வளவு என்பது இப்படி ஒரு கட்டணம் வந்தால்தான் தெரியும்.

இந்தியா இதில் வேடிக்கை பார்க்கும் நாடு அல்ல. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்கள் 2022-லும் 2023-லும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் ஏறின. ஸ்டார்லிங்க்குக்கு 2025 ஜூனில் உரிமம் கொடுத்தோம். அந்தமானுக்கு நீண்ட காலம் செயற்கைக்கோளே கதி என்றிருந்து, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் போட்டோம். கேபிள் போட முடிந்த இடத்தில் கேபிள்தான் நல்லது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். செயற்கைக்கோள் அங்கே இனி மாற்று வழியாக, டோங்காவில் நடந்ததுபோல் ஒருநாள் அறுந்தால் உதவுவதற்காக இருந்தால் போதும்.

2025 மே மாதம் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தன் பரிந்துரையில் ஒரு நல்ல விஷயத்தைச் சொன்னது. வருமானத்தில் 4 சதவீதம் கட்டணம், அதற்கு மேல் நகர்ப்புற வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல். தேவை உள்ள கிராமத்தையும் தேவையில்லாத நகரத்தையும் பிரித்துப் பார்த்த முதல் அடி என்று இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது வருமானத்தையும் சந்தாவையும்தான் எண்ணுகிறது, மேலே பறப்பதை எண்ணவில்லை. இந்தியச் சந்தையில் விற்க வருகிறவர் தன் செயற்கைக்கோள்களின் பிரகாசத்தையும் ரேடியோ கசிவையும் அளந்து தர வேண்டும், ஆண்டுக்கு எத்தனை டன் உலோகத்தை எரிக்கிறார் என்று அறிவிக்க வேண்டும், ஆயுள் முடிந்தவற்றை எப்போது இறக்குவார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமத்தில் இவற்றைச் சேர்க்க எந்தப் பன்னாட்டு ஒப்பந்தத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. இத்தனை பெரிய சந்தையை இழக்க எந்த நிறுவனமும் விரும்பாது. டிராய் ஆலோசனை அறிக்கை வெளியிடும்போது யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தவறாமல் எழுதுகிறார்கள். அடுத்த முறை பெங்களூரின் வானியற்பியலாளர்களும், ஓசோனை அளக்கும் நம் வளிமண்டல விஞ்ஞானிகளும், கேபிளே எட்டாத உங்கள் ஊரிலிருந்து நீங்களும் எழுத வேண்டும்.